ஏழாம் கட்டத்தில் ஓடுவது

தமிழ் இதழ்களில் வரும் குறுக்கெழுத்துப் புதிர் நமக்கெல்லாம் பழக்கமானது. ‘யானையின் வேறு பெயர்’ என்று கேட்டிருப்பார்கள். களிறா, வேழமா என்பதைக் குறுக்கே ஓடும் சொல் சொல்லிவிடும். தெரிந்தவர் நிரப்புவார், தெரியாதவர் அடுத்த இதழில் விடை பார்த்துக்கொள்வார். இன்னொரு வகையும் உண்டு. அதன் குறிப்பு கேள்வியைப் போலவே இருக்காது. ‘தப்ப வானில் ஒளிந்த 7 (3)’ என்று பாதியில் அறுந்த ஒரு கதை வரியாக நிற்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை என்பது மட்டும் புரியும். வானில் ஒளிந்தது யார்? ஏழு என்ன ஏழு?

இதை ஒருவர் தனியாக உட்கார்ந்தும் அவிழ்த்துவிடலாம். ஆனால் குறிப்புகள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றிப் பின்னப்பட்ட புதிராக இருந்தால், அதை நாலு பேர் கூடி அவிழ்க்க வேண்டும் என்பேன். அப்போதுதான் அதன் முழுக் கட்டமைப்பும் வெளியே வரும். ஏன் என்று அடியிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன்.

முதலில் ஒற்றைக் குறிப்பு எப்படி அமைகிறது என்று பார்ப்போம். ‘பெட்டியில் பூட்டுவது, உதட்டில் பூப்பது (2).’ விடை நகை. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். சிலேடையில் வளர்ந்த நமக்கு இது எளிது. இந்த வகைப் புதிரின் அடிப்படை விதி இதிலேயே அடங்கிவிடுகிறது: ஒரு குறிப்புக்குள் விடையை அடைய இரண்டு வழிகள் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் வந்து முடிய வேண்டும். பெரும்பாலான குறிப்புகளில் ஒரு வழி நேர்ப்பொருள், மற்றது சொல்லாட்டம். நேர்ப்பொருள் குறிப்பின் தலையிலோ வாலிலோ இருக்கும், நடுவில் வராது. மீதிச் சொற்கள் விடையை எழுத்து எழுத்தாகக் கட்டித் தரும். எது எங்கே பிரிகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

சொல்லாட்டத்தில் சில வகைகள் அடிக்கடி வரும். சிறு சொற்களை அடுக்கிப் பெரிய சொல் செய்வது ஒன்று. எழுத்துகளைக் கலைத்துப்போடுவது இன்னொன்று. ‘குலைய’, ‘குழம்பிய’, ‘சிதறி’ போன்ற ஒரு சொல் அதற்கு அடையாளமாக நிற்கும். அடுத்தடுத்த சொற்களின் இடுக்கில் விடையை ஒளித்துவைப்பதும் உண்டு. தலையெழுத்தையோ கடைசி எழுத்தையோ வெட்டுவதும் உண்டு.

இவையெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு என்று தோன்றலாம். குறுக்கெழுத்துக் கட்டம் அங்கிருந்து வந்ததுதான். 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் ஆர்தர் வின் வைர வடிவத்தில் முதல் கட்டத்தை அச்சிட்டார். அதில் இருந்தவை நேரடிக் கேள்விகள். 1920களில் இங்கிலாந்துதான் அதற்கு மறைபொருளைப் புகட்டியது. ‘அப்சர்வர்’ இதழில் எட்வர்ட் பாவிஸ் மாதர்ஸ் என்ற கவிஞர், டார்க்கெமாடா என்ற புனைபெயரில் 1926 முதல் 1939இல் இறக்கும் வரை புதிர் அமைத்தார். ஸ்பெயினில் மத விசாரணை நடத்திய கொடூரரின் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்த மக்நட் என்ற பள்ளி ஆசிரியரும் ஸிமெனிஸ் என்று இன்னொரு விசாரணையாளரின் பெயரையே எடுத்துக்கொண்டார். பெயர்தான் கொடுமை. இந்தக் கலைக்கு நியாய விதிகளை வகுத்துத் தந்தவர் இவர். 1966இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். வாசகரை வேறு பக்கம் திருப்பிவிடலாம், ஆனால் சரியான பாதை குறிப்பின் சொற்களுக்குள் நேர்மையாக இருந்தாக வேண்டும், வீணான சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது அந்த விதிகளின் சாரம்.

ஆனால் கட்டத்தை எடுத்துவிட்டு உத்திகளை மட்டும் பாருங்கள். தண்டியலங்காரம் சித்திரகவிகளை வரிசைப்படுத்தும்போது ‘வினாவுத்தரம்’ என்று ஒன்றைச் சொல்கிறது. பல சிறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு விடை. அவற்றைச் சேர்த்தால் கடைசிக் கேள்விக்கான பெரிய விடை வந்துவிடும். திருமகளுக்கு ஒரு பெயர் திரு, போகிறவனிடம் சொல்வது ஏகு, கணைக்குப் பெயர் அம்பு, அழகுக்குப் பெயர் அம். நான்கும் புணர்ந்தால் சிவன் உறையும் காஞ்சித் தலமான திருவேகம்பம். இன்றைய புதிரில் சொற்களை அடுக்கிக் கட்டும் குறிப்பு இதேதான். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டின் எழுத்துகளை ஒளித்துவைப்பது ‘கரந்துறைச் செய்யுள்’. ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கிப் புதுப் புதுப் பொருள் காண்பது ‘அக்கரச்சுதகம்’. நம் பண்டிதர்களிடம் கட்டம் ஒன்றுதான் இல்லை. மற்ற கருவிகள் எல்லாம் கைவசம் இருந்தன.

இனி அடுத்த அடுக்கு, மையப்பொருள். சாதாரண மறைபொருள் புதிரில் ஒவ்வொரு குறிப்பும் தனித் தீவு. மையப்பொருள் வைத்த புதிரில் ஒரு குறிப்பு மற்றவற்றுக்கெல்லாம் சாவியாக இருக்கும். சாவி விடை 7ஆம் எண்ணில் இருந்தால், மற்றக் குறிப்புகளில் நேர்ப்பொருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமனே ‘7’ என்று போட்டுவிடுவார்கள். ஏழாவதை அவிழ்க்காதவரை மற்றவற்றில் பாதி இருட்டு. மற்றவற்றில் ஒன்றிரண்டை அவிழ்க்காதவரை ஏழாவதும் பிடிபடாது. எங்கே நுழைவது?

எங்கள் வீட்டில் இதைப் பார்ப்பதற்காகவே சிறிய புதிர் ஒன்றை அமைத்தேன். உட்கார்ந்தவர்கள் என் பெரியம்மா, கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மைத்துனன். அமைத்தவன் வாய் திறக்கக் கூடாது என்பதால் நான் பக்கத்தில் சும்மா இருந்தேன். முக்கியமான குறிப்புகள் இவை:

பெட்டியில் பூட்டுவது, உதட்டில் பூப்பது (2)
இருமூன்று பெருகி ஓடும் (2) — இதுதான் 7
தப்ப வானில் ஒளிந்த 7 (3)
இடு கரத்தை, 7 வரும் (2)
பசு தந்ததே, சூடு தணி! 7 (3)
சோலையை அகலமாக்கு, 7 கிடைக்கும் (3)
ராம! அவதி குலைய 7 (5)
குருணை, பிறகு தலையிழந்த புயல்: 7 (4)

மேலே படிக்கும் முன் விரும்புகிறவர்கள் கொஞ்ச நேரம் முயன்று பார்க்கலாம்.

நகையைப் பெரியம்மா சொன்னார். அதன் ‘கை’ இரண்டெழுத்துச் சொல் ஒன்றின் கடைசிக் கட்டத்தில் விழுந்தது. அண்ணன் மகள் ஏழு என்பதை ஏழாகவே எடுத்துக்கொண்டு, “சித்தப்பா, ஏழு ஸ்வரமா? ஏழு கன்னியரா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவளே ‘தப்ப வானில்’ என்ற இரண்டு சொற்களை விரலால் மூடி மூடிப் பார்த்தாள். த, ப், ப, வா, னி, ல். நடுவில் பவானி உட்கார்ந்திருந்தது. ‘ஒளிந்த’ என்ற சொல் எதற்காக வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

விடை கிடைத்தது, ஆனால் ஏழு என்றால் என்ன? பவானி அம்மன் பெயர், ஊர்ப் பெயர், பெண் பெயர், ஜமக்காளத்தின் பெயரும்கூட. ஒற்றை விடையிலிருந்து மையப்பொருளைப் பிடிக்க முடியாது. அடுத்து ‘இடு கரத்தை’. ‘கை’ ஏற்கெனவே கட்டத்தில் இருக்கிறது. இடு என்றால் வை. வைகை. “எக்ஸ்பிரஸ்” என்றான் மைத்துனன், ரயிலை நினைத்து. பவானி, வைகை என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்த பெரியம்மா, “ரெண்டும் ஆறுதானே” என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் மகள் ஏழாவது குறிப்புக்குப் பாய்ந்துவிட்டாள். இருமூன்று ஆறு. பெருகி ஓடுவதும் ஆறு.

இந்தப் பாய்ச்சலைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இரண்டு பெயர்களுக்கும் பொதுவானதைச் சொன்னவர் வேறு, அதைக் கொண்டுபோய்ச் சாவித் துளையில் பொருத்தியவள் வேறு. ஒருவரே எல்லாம் செய்திருக்க முடியாது என்று சொல்லவில்லை. ஒரு குறிப்பின் மேற்பொருளை ஒரு முறை நம்பிவிட்ட மூளை அதை விட்டு எளிதில் வெளியே வராது. அண்ணன் மகளுக்கு ஏழு ஸ்வரமாகவே ஒலித்துக்கொண்டிருந்தது. மைத்துனனுக்கு வைகை ரயிலாகவே ஓடியது. பக்கத்தில் இருப்பவருக்கு அந்த நம்பிக்கை இல்லை என்பதே பெரிய உதவி. சேர்ந்து அவிழ்ப்பதன் முதல் பலன் கூடுதல் அறிவு என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவர் மாட்டிக்கொண்ட இடத்தில் மற்றவர் மாட்டாமல் இருப்பதுதான் அதைவிடப் பெரிய பலன்.

சாவி கிடைத்ததும் வேகம் பிடித்தது. ஆறு என்ற சொல்லின் ‘று’, மேலிருந்து கீழாக வரும் ஒரு மூன்றெழுத்துச் சொல்லுக்கும் கடைசி எழுத்து. பசு தந்தது பால். சூடு தணி என்றாலும் ஆறு. பாலாறு. சாவிச் சொல்லையே அதன் வேறொரு பொருளில் இங்கே எடுத்தாண்டிருக்கிறேன். எண், நீரோட்டம், சூடு தணிதல் என்று மூன்றாக விரியும் சொல் கிடைக்கும்போது அமைப்பவனுக்கு வரும் மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. காவிரியைக் கா என்றும் விரி என்றும் பிரிப்பது பழைய விளக்கங்களில் உள்ளதுதான், அது உடனே வந்துவிட்டது. ‘ராம அவதி’யின் ஐந்து எழுத்துகளைக் குலைத்தால் அமராவதி. இந்திரனின் நகரம், ஆந்திரத்தின் ஊர் என்று வேறு எண்ணங்கள் எழுந்திருக்கலாம். சாவி கையில் இருந்ததால் கரூர்ப் பக்கத்து ஆறுதான் என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை.

கடைசியாக நின்றது குருணை. தலையிழந்த புயல் ‘யல்’ என்பதை அண்ணன் மகள் முதலிலேயே பிடித்துவிட்டாள், ஆனால் குருணை என்ற சொல்லே அவளுக்குப் புதிது. “அரிசி உடைஞ்சா குருணை. நாங்க நொய்யின்னும் சொல்வோம், நொய்க்கஞ்சி காய்ச்சுவோமே” என்றார் பெரியம்மா. அவருக்கு அதற்கு மேல் போகத் தெரியவில்லை. “நொய்யல்! எங்க ஊருக்குள்ளதானே ஓடுது” என்றான் மைத்துனன். நாலெழுத்துச் சொல். வெட்டுகிற உத்தி ஒருத்திக்குத் தெரியும், சமையலறைச் சொல் ஒருவருக்குத் தெரியும், ஆற்றங்கரை ஒருவனுக்குத் தெரியும். மையப்பொருள் புதிரைக் கூட்டாக அவிழ்க்க வேண்டும் என்று நான் வாதிடுவதற்கு இந்த ஒரு விடை போதும். ஒரு மையப்பொருளைப் பற்றிய அறிவு எந்த வீட்டிலும் ஒரே தலைக்குள் குவிந்திருப்பதில்லை. வயது, வேலை, ஊர் என்று பிரிந்து கிடக்கிறது.

எண்ணிப் பார்த்தார்கள். பவானி, வைகை, பாலாறு, காவிரி, அமராவதி, நொய்யல். ஆறு ஆறுகள். ஏழாவது குறிப்பு வகையையும் சொன்னது, தொகையையும் சொன்னது. அதற்கும் அடியில் இன்னோர் அடுக்கை வைத்திருந்தேன். பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் காவிரியின் துணையாறுகள். காவிரி கீழ்நோக்கி வரும்போது முதலில் பவானிக் கூடுதுறையில் பவானியும், பிறகு நொய்யலும், அதன்பின் அமராவதியும் வந்து சேர்கின்றன. கட்டத்திலும் மேலிருந்து கீழே அதே வரிசையில்தான் அவற்றை வைத்திருந்தேன். பள்ளிக்கூட வரைபடத்தை நினைவில் வைத்திருந்த மைத்துனன் இதைக் கண்டுபிடித்தான். இந்த அடுக்கு விடைகளை நிரப்பத் தேவையே இல்லை. நிரப்பிய பிறகு பேசுவதற்காக வைத்தது.

கூட்டாக அவிழ்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. விடையைக் கண்டுபிடித்தவர் உடனே எழுதிவிடக் கூடாது. ஏன் அது என்று சொல்ல வேண்டும். குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் எதற்காக வந்தது என்பதை மற்றவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே அது விடை. ஸிமெனிஸின் நியாய விதிகள் இங்கேதான் பயன்படுகின்றன. குறிப்பு நேர்மையாக அமைந்திருந்தால் யார் சொன்னது சரி என்பதை வயதோ குரலோ தீர்மானிக்காது, சொற்களே தீர்மானிக்கும். கல்லூரிப் பெண் பெரியவரைத் திருத்தலாம், பெரியவர் மனத்தாங்கல் இல்லாமல் ஏற்கலாம். அரைகுறை எண்ணத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘யல்’ என்ற துண்டு சொல்லப்படாமல் அவள் மனத்திலேயே இருந்திருந்தால் நொய்யல் வந்திருக்காது. எல்லாம் தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அவர் கொஞ்சம் காத்திருக்கக் கற்றுக்கொள்வது நல்லது.

மையப்பொருள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஓர் எல்லைக்கல் உண்டு. ஜான் கிரஹாம் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 1958 முதல் ‘கார்டியன்’ நாளிதழுக்குப் புதிர் அமைத்தவர். 1970இலிருந்து அராக்கேரியா என்ற பெயரில் எழுதினார். அது ஒரு மரத்தின் பெயர். குரங்கையும் குழப்பும் மரம் என்று ஆங்கிலத்தில் அதற்கு ஒரு வழக்குப் பெயர் உண்டு. மையப்பொருள் புதிரை வாசகர்களின் பேரன்புக்கு உரியதாக்கியவர்களில் அவருக்கு முதலிடம் தருவேன். 2013 ஜனவரியில் அவர் அமைத்த ஒரு புதிரின் மேலே முன்குறிப்பு ஒன்று இருந்தது. அராக்கேரியாவுக்கு இன்ன உறுப்பில் இன்னது வந்திருக்கிறது, அதற்கு இன்னது அளிக்கப்படுகிறது என்று. உறுப்பு, நோய், சிகிச்சை மூன்றின் இடத்திலும் கட்ட எண்கள் மட்டும். அவிழ்த்தவர்களுக்குக் கிடைத்தவை புற்றுநோய், உணவுக்குழாய், வலிதணிப்புப் பராமரிப்பு. மற்றக் கட்டங்களில் செவிலியர், உள்நோக்கிப் பரிசோதனை, சூரிய அஸ்தமனம் என்ற சொற்களும் இருந்தன. அப்போது அவருக்கு வயது 91. அதே ஆண்டு நவம்பர் 26 அன்று காலமானார்.

தம் நோயை அவர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கலாம். புதிராகச் சொன்னதால் என்ன மாறியது? கடிதத்தைப் படித்தால் செய்தி ஒரே நொடியில் வந்து விழும். இங்கே வாசகர்கள் எழுத்து எழுத்தாக அதை நெருங்கினார்கள். ஒரு கட்டத்தில் ஐயம் வந்திருக்கும், மற்றொரு சொல் அதை உறுதி செய்திருக்கும். அரை நூற்றாண்டுக்கு மேலாக அவரோடு சேர்ந்து யோசித்தவர்கள், அவருடைய இந்தச் செய்தியையும் அதே வழியில் பெற்றார்கள். விடையை நேரே சொல்வதற்கும், விடை வரை கூட்டிக்கொண்டு போவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொரு புதிரை நான் அறியேன்.

தமிழில் இத்தகைய புதிர்கள் இன்னும் நிறைய வர வேண்டும். அமைப்பதில் சிரமம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள், நமக்கு 247. குறுக்கும் நெடுக்கும் ஓடும் இரு சொற்கள் சந்திக்கும் கட்டத்தில் மெய்யும் உயிரும் சேர்ந்து அப்படியே பொருந்த வேண்டும். காவிரியின் ‘வி’யும் பவானியின் ‘வா’வும் ஒரே வரிசை எழுத்துகள்தான், ஆனால் ஒரே கட்டத்தில் உட்காரா. நம் இதழ்களின் புதிர்களில் வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் சொற்களை ஓடவிடுவது இந்த நெருக்கடியைச் சமாளிக்க உதவுகிறது. மறுபக்கம், இதே எழுத்துமுறை வேறு மொழியில் கிடைக்காத வசதிகளைத் தருகிறது. பால் என்ற சொல்லின் ‘ல்’ புணர்ச்சியில் ‘லா’வாக மாறி மூலத்தை மறைத்துவிடுகிறது. ஓரெழுத்தில், இரண்டெழுத்தில் முழுப்பொருள் தரும் கா, விரி, வை, கை, நொய் போன்ற சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. அடுக்கிக் கட்டுவதற்கு இதைவிட வளமான மொழி வேண்டுமா?

புதிதாக அமைக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: மையப்பொருளை வீட்டில் பல தலைமுறையும் தொட்டுப் பழகியதாகத் தேர்ந்தெடுங்கள். நெல் வகைகள், பண்டங்கள், ராகங்கள், ஊர்களின் பழைய பெயர்கள். அகராதியில் மட்டும் இருப்பதை வைத்தால் அகராதி வைத்திருப்பவர் மட்டும் அவிழ்ப்பார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆறுகளின் எண்ணிக்கையை ஆறோடு நிறுத்த வேண்டியிருந்ததால், எனக்கு மிகவும் பிடித்த ஒரு குறிப்புக்குக் கட்டத்தில் இடம் இல்லாமல் போயிற்று. தெற்கே ஓடுவது, இன்று வேறொரு பெயர்தான் அதிகம் புழங்குகிறது. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள்: ‘போரிடு, பின் மனம் வருந்து: 7 (3).’